பைக்கில் கையடக்க ஜிபிஎஸ்: குலுங்கும் பாதையில் தானாக அணைந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

#1 மண்சாலை

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் ஒரு கேள்வியோடு வருகிறேன்.

என்னிடம் இருப்பது நடைபயணத்துக்கென்று வாங்கிய கையடக்க ஜிபிஎஸ். இரண்டு ஏஏ பேட்டரி போடுவது. உள்ளங்கையில் அடங்கிவிடும். நாலு வருடமாகத் தோள்பையில் தொங்கவிட்டுக்கொண்டு மலை, காடு என்று அலைந்திருக்கிறேன், ஒரு தடவைகூட மக்கர் பண்ணியதில்லை. போன வாரம் அதை முதல்முறையாக பைக் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஒரு காட்டுப் பாதையில் போனேன். தார்ச்சாலை முடியும்வரை ஒரு குறையும் இல்லை. சரளைக்கல் பாதை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குனிந்து பார்த்தால் திரை கறுப்பாக இருக்கிறது. நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன், வந்துவிட்டது. பேட்டரி அளவில் நாலில் மூன்று கோடு. மறுபடி கிளம்பிய பத்தாவது நிமிடம் மீண்டும் கறுப்பு.

மூன்றாவது தடவை அணைந்ததை நான் கவனிக்கவே இல்லை. அந்த இடைவெளியில் ஒரு கிளைப்பாதை வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு நேராக 9 கிலோமீட்டர் போய், ஒரு ஓடைக்கரையில் பாதை முடிந்த பிறகுதான் தெரிந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தனியாகப் போகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் சாதாரணமானதில்லை.

கருவி போய்விட்டதா? பேட்டரி கோளாறா? இல்லை, இந்த மாதிரிக் கருவி பைக்குக்கே ஒத்துவராதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பட்டறைக்காரன்

தம்பி, கருவிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பின்மூடியைத் திறந்து பேட்டரி இரண்டையும் வெளியே எடுங்கள். மைனஸ் பக்கத்துத் தட்டையான அடியையும் ப்ளஸ் பக்கத்துக் குமிழையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு கருவிக்குள் இருக்கும் சுருள்வில்லைப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அதுவரை வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

வண்டி ஒற்றை சிலிண்டரா?

#3 ஒருகியர்

நண்பரே, போன் இருக்கும்போது தனியாக ஒரு கருவி எதற்கு? வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் போனும் டவர் இல்லாத இடத்தில் வழி காட்டும். அதற்குள்ளேயும் ஜிபிஎஸ் ரிசீவர்தானே இருக்கிறது, செயற்கைக்கோளிலிருந்து நேராகத்தானே வாங்குகிறது? திரையும் பெரியது. நான் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

#4 மழைவண்டி

ஒருகியர் சொல்வதில் ஒரு விஷயம் முழுக்கச் சரி: டவர் இல்லாவிட்டாலும் போனுக்கு இருப்பிடம் தெரியும். நிறையப் பேர் இதை நம்புவதில்லை.

ஆனால் நானும் போனில் தொடங்கி, பிறகு கையடக்கக் கருவிக்கு மாறியவள். காரணங்களைச் சொல்கிறேன். முதலில் மழை. திரையில் விழும் துளியை விரல் என்று நினைத்துக்கொண்டு போன் தானாக வரைபடத்தை இழுக்கும், பெரிதாக்கும், சில நேரம் வேறு செயலிக்கே போய்விடும். ஈரக் கையுறையோடு அதைத் திரும்பச் சரிபண்ணவும் முடியாது. பொத்தான் வைத்த கருவியில் இந்தப் பிரச்சினையே இல்லை, தடித்த கையுறைக்குள்ளிருந்தும் பெருவிரலால் அழுத்திவிடலாம்.

அடுத்தது வெயில். உச்சிவெயிலில் போன் திரை தெரிய வேண்டுமென்றால் வெளிச்சத்தை முழுதாக ஏற்ற வேண்டும். ஏற்றினால் சூடு, அதோடு சார்ஜும் ஏறினால் இன்னும் சூடு. ஒரு கட்டத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனே திரையை மங்கவைக்கும் அல்லது நின்றுவிடும். நடைபயணக் கருவிகளின் திரை வேறு வகை, மேலே விழும் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிக் காட்டுவது. வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும், பின்விளக்கே வேண்டாம்.

மூன்றாவது அதிர்வு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது: வலுவான மோட்டார்சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகத் தொடர்ந்து ஏறினால், போன் கேமராவில் படம் ஆடாமல் பிடிக்கும் அமைப்பு கெட்டுப்போகலாம் என்று. போன் எனக்குக் கேமரா, அவசரத்துக்குப் பேசும் வழி, டிக்கெட், எல்லாமே அதுதான். அதைக் கொண்டுபோய் வண்டியிலேயே அதிகம் அதிரும் இடத்தில் கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டைப்பையில் பத்திரமாக இருக்கட்டும்.

#5 மண்சாலை

@பட்டறைக்காரன் அண்ணா, ஆமாம், ஒற்றை சிலிண்டர்தான். நீங்கள் சொன்ன மாதிரி திறந்து பார்த்தேன்.

இரண்டு பேட்டரியின் அடியிலும் வில் படும் இடத்தில் பிறைநிலா மாதிரி ஒரு கறுப்புத் தேய்மானம். விரலால் தேய்த்தால் மை மாதிரி ஒட்டுகிறது. குமிழின் நுனியில் பளபளப்பு போய் சின்னச் சின்னப் புள்ளிகள். கருவிக்குள் இருக்கும் வில்லின் மேல்சுற்றும் அதே மாதிரி கறுத்திருக்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன்: பேட்டரிகளை உள்ளே போட்டு மூடாமல் காதருகே வைத்து ஆட்டினால் லேசாகக் கடகடவென்று சத்தம் வருகிறது. பக்கவாட்டில் ஆடுகிறது. நாலு வருடத்தில் நான் இதைக் கவனித்ததே இல்லை.

#6 பட்டறைக்காரன்

நினைத்தது சரிதான். அந்தக் கறுப்புப் பிறைதான் சாட்சி. வில்லும் பேட்டரியும் ஒன்றையொன்று விட்டுவிட்டுத் தொடும்போது நுண்ணிய தீப்பொறி பறக்கும், கூடவே உலோகமும் தேயும். இரண்டும் சேர்ந்து விட்ட கரி அது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், புரிந்துகொண்டால் சரிசெய்வது சுலபம். இரண்டு பேட்டரியும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை. ஆக மொத்தம் நாலு தொடுமுனை. நாலில் எது ஒன்று கண்ணிமைக்கும் நேரம் விலகினாலும் மின்சாரம் முழுக்க அறுந்துவிடும். கருவி அதை "பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள்" என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்த நொடி தொடர்பு திரும்பினாலும் தானாக எழுந்திருக்காது, நீங்கள்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

நடக்கும்போது இது நடக்காது. மனித நடையின் அதிர்வு நொடிக்கு இரண்டு, அதுவும் மெதுவானது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் ஓடினால் நொடிக்கு 75 உதறல். அதற்கு மேல் சரளைக்கல்லின் குத்து. அந்தச் சின்ன வில் பேட்டரியின் எடையை அத்தனை வேகத்தில் திரும்பத் திரும்பத் தள்ளிப் பிடிக்கவேண்டுமென்றால் அதனால் எப்படி முடியும்?

பக்கவாட்டு ஆட்டத்துக்கும் காரணம் உண்டு. ஏஏ பேட்டரியின் விட்டம் 13.5 மில்லிமீட்டரிலிருந்து 14.5 வரை இருக்கலாம் என்பதுதான் தரவரையறை. கருவியின் அறை பெரிய அளவுக்குச் செய்யப்பட்டிருக்கும். ஒல்லியான பேட்டரி போட்டால் உள்ளே உருளத்தான் செய்யும். ரீசார்ஜ் வகையிலேயே பிராண்டுக்குப் பிராண்டு பருமனும் குமிழ் உயரமும் மாறும்.

செய்ய வேண்டியது:

முதலில் சுத்தம். பென்சில் அழிக்கும் ரப்பரால் தொடுமுனைகளைத் தேய்த்துக் கறுப்பு போனதும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும்.

பிறகு பேட்டரி ஒவ்வொன்றின் இடுப்பிலும் இன்சுலேஷன் டேப் ஒன்றரைச் சுற்று. மெதுவாக அழுத்தினால்தான் உள்ளே போகவேண்டும், அந்த அளவு போதும். அதற்கு மேல் சுற்றினால் காட்டில் மாற்ற முடியாமல் சிக்கிக்கொள்ளும். மூடியின் உட்புறம், பேட்டரியின் முதுகில் அழுந்துகிற மாதிரி மெல்லிய ஃபோம் துண்டு ஒன்று ஒட்டுங்கள். வில் தளர்ந்திருந்தால் மூக்குக் குறட்டால் அரை மில்லிமீட்டர் மட்டும் இழுத்துவிடலாம்.

சிலர் அலுமினியத் தாளை மடித்து முனையில் செருகச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அதிர்வில் அது நகர்ந்து இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் பேட்டரி கொதித்துவிடும்.

இதெல்லாம் முதலுதவிதான். முழு மருந்து வேறு: கருவிக்கு வண்டியிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கட்டும். வில் விலகும் நொடியில் வண்டி மின்சாரம் தாங்கும். யுஎஸ்பி ஒயர் பிடுங்கிக்கொண்டால் பேட்டரி தாங்கும். இரண்டும் ஒரே நொடியில் விடுவது அபூர்வம்.

#7 மண்சாலை

அருமையான விளக்கம் அண்ணா, நன்றி. வண்டி மின்சாரம் என்றால் 12 வோல்ட் ஆயிற்றே, அதை எப்படிக் கொடுப்பது? ஒருமுறை வீட்டில் கணினியில் செருகியபோது கருவி வரைபடத்தையே மூடிவிட்டு பென்டிரைவ் மாதிரி ஆகிவிட்டது. வண்டியிலும் அப்படி ஆகாதா?

#8 பட்டறைக்காரன்

நல்ல கேள்வி. பல கருவிகள் யுஎஸ்பி ஒயரைப் பார்த்ததும் கணினி வந்துவிட்டது என்று நினைத்து அப்படி மாறும். மின்சாரம் மட்டும் தரும் சார்ஜரில் செருகினால் பெரும்பாலும் மாறாது. ஆனாலும் வண்டியில் கட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். கார்மின் கருவிகள் பலவற்றில் அமைப்புகளுக்குள் ஸ்பேனர் என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டுவைத்தால் ஒயர் செருகும்போது கேட்டுவிட்டுத்தான் மாறும்.

ஒயரிங்: எஞ்சின் ஓடும்போது வண்டியில் 12 அல்ல, 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்டார்ட்டரை அழுத்தும் நொடியில் சட்டென்று கீழே விழும். ஆகவே நடுவில் 5 வோல்ட் மாற்றி ஒன்று கட்டாயம் வேண்டும், ஈரம் புகாத வகையாக. பேட்டரியின் ப்ளஸ் முனையை ஒட்டியே ஒரு 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கருவியின் பக்கத்தில் போட்டால் நடுவில் உரசிய ஒயர் எரியும்போது ஃபியூஸுக்கு ஒன்றுமே தெரியாது. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருகிற மாதிரி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துக்கொண்டால் மறந்துவிட்டுப் போனாலும் வண்டி பேட்டரி இறங்காது.

மாற்றியை ஜிபிஎஸ்ஸுக்குக் கீழேயே ஒட்டாதீர்கள். சீட்டுக்கு அடியில் வையுங்கள். மலிவான மாற்றிகள் ரேடியோ இரைச்சல் கிளப்பும். 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது ரொம்பவே மெலிந்துபோயிருக்கும், பக்கத்து இரைச்சலில் அது காணாமலே போய்விடும். கருவிக்கு அருகில் ஒயரில் ஒரு தளர்வான வளையம் விட்டு, மவுண்டின் (கருவியை வண்டியில் மாட்டும் தாங்கியின்) தண்டிலேயே கட்டுங்கள். செருகும் இடத்தில் ஒயரின் எடை தொங்கக்கூடாது. மினி யுஎஸ்பி சாக்கெட் உள்ளே போர்டில் பற்றவைத்தது. ஒயர் ஆட ஆட அது விட்டுப்போகும், பிறகு கருவியையே பிரிக்க வேண்டிவரும்.

#9 நெடுவழி

மவுண்ட் பற்றி யாரும் பேசவில்லையே, அதைச் சொல்கிறேன்.

ஹேண்டில்பாரின் ஓரத்தில் மாட்டாதீர்கள், நடுவில், ஹேண்டில்பாரை வண்டியோடு இறுக்கும் பிடிப்பானுக்கு அருகில் மாட்டுங்கள். குழாயின் நுனிப்பக்கம் போகப் போக அதிர்வு கூடும். ரப்பர் உருண்டை வைத்த மவுண்டுகள் எனக்கு நன்றாக உழைத்திருக்கின்றன. ரேம் நிறுவனத்தின் 1 அங்குல உருண்டை இந்த எடைக்குத் தாராளம். இரண்டு உருண்டைக்கும் நடுவில் வரும் கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீளக் கை போட்டால் கருவி தலையாட்டிக்கொண்டே வரும், எழுத்தைப் படிக்க முடியாது.

ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். தலையில் கொம்பு மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும் கருவிகளில் சுருள் ஆன்டெனா, அதை நிமிர்த்தி வைத்தால் சிறப்பு. தட்டையான தலையோடு இருப்பவற்றில் பெரும்பாலும் தகடு ஆன்டெனா, அதன் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும், அதாவது கருவி கொஞ்சம் படுத்த நிலையில். பழைய கருவிகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து இதை விடாதீர்கள்: மவுண்டை நம்பி மட்டும் ஓட்டக்கூடாது. கருவியின் கயிற்றுத் துளையில் ஒரு கயிறு போட்டு ஹேண்டில்பாரில் சுற்றிக் கட்டுங்கள். என் முதல் கருவி ஒரு ஆற்றுப்பாலத்தில் மவுண்டின் கொக்கி விட்டு எகிறியது. சத்தம்கூடக் கேட்கவில்லை. அதற்குள் இருந்த மூன்று வருட டிராக்குகளை, அதாவது போன வழிகளின் பதிவுகளை, நான் எங்கேயும் நகலெடுத்து வைக்கவில்லை.

#10 கோட்டுப்படம்

மின்சாரப் பிரச்சினை தீர்ந்தது என்று வையுங்கள். மண்சாலை, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: கருவி திரும்ப எழுந்தபோது அந்தக் கிளைப்பாதையைத் தவறவிட்டதைச் சொல்லவில்லையா? நீங்கள் ஏற்றிவைத்திருந்தது ரூட்டா, டிராக்கா?

#11 மண்சாலை

ரூட்தான் ஏற்றியிருந்தேன். கணினியில் வரைந்து கருவிக்கு மாற்றினேன். இப்போது யோசித்தால், இரண்டாவது தடவை அணைந்து, நான் திரும்பப் போட்ட பிறகு "மறுகணக்கீடு" என்று ஏதோ வந்தது. நான் சரி என்று அழுத்திவிட்டேன். அதற்குப் பிறகு கோடு நேராகத்தான் போனது, அதனால்தான் கிளை வந்ததே எனக்குத் தோன்றவில்லை. அப்படியென்றால் 9 கிலோமீட்டர் கருவி சொன்னபடியா போனேன்?

#12 கோட்டுப்படம்

அப்படித்தான் தெரிகிறது. காட்டுப் பாதையில் தொலைந்துபோனவர்கள் பலர் சொல்லும் கதையும் இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ரூட் என்பது சில புள்ளிகள் மட்டும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு எந்தச் சாலை வழியாகப் போவது என்பதைக் கருவி தன் வரைபடத்தைப் பார்த்து அந்த நேரத்தில் முடிவு செய்யும். உங்கள் கணினியில் இருந்த வரைபடம் வேறு, கருவியில் இருப்பது வேறு என்றால் வழியும் வேறு. "வேகமான வழி" என்று அமைப்பில் இருந்தால் அது மண்பாதையைத் தள்ளிவிட்டு அகலமான சாலையைத் தேடும். மறுகணக்கீட்டுக்குச் சரி சொன்னால் நீங்கள் ஆசைப்பட்டு வரைந்த வழியையே தூக்கி எறிந்துவிடும்.

டிராக் அப்படியல்ல. நடந்த கால்தடம் மாதிரி. நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கோத்த கோடு, வரைபடத்தின் மேல் அப்படியே படுத்திருக்கும். கருவி அதை மாற்றாது, யோசிக்காது. நீங்கள் கோட்டின் மேல் இருக்கிறீர்களா, விலகிவிட்டீர்களா என்பது மட்டும்தான் தெரியும். கருவி நடுவில் பத்து தடவை அணைந்தாலும் எழுந்ததும் கோடு அதே இடத்தில் இருக்கும். மண்பாதைக்கு எப்போதும் டிராக். தார்ச்சாலைக்கும் நகரத்துக்கும் ரூட் வைத்துக்கொள்ளலாம்.

ஜிபிஎக்ஸ் (வழித் தகவலைச் சேமித்துப் பகிரும் கோப்பு வகை) கோப்பு ஒன்றுக்குள் டிராக், ரூட், வேபாயிண்ட் (பெயரிட்டுக் குறித்துவைத்த ஒற்றைப் புள்ளி) மூன்றும் இருக்கலாம். ஒருவர் கோப்பு அனுப்பினால் உள்ளே எது இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள். டிராக்கின் நிறத்தைப் பளிச்சென்ற மஜந்தா மாதிரி எதற்காவது மாற்றுங்கள், வரைபடத்தில் வேறு எதுவும் அந்த நிறத்தில் இருக்காது. ஒவ்வொரு கிளைப்பாதையிலும் ஒரு வேபாயிண்ட் வைத்து, அருகில் வந்தால் ஒலிக்கும்படி எச்சரிக்கை போடலாம். ஆனால் இந்தச் சின்னக் கருவிகள் பேசாது, பீப் மட்டும்தான். ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலில் அது கேட்காது என்பதால் நான் அதை நம்புவதில்லை. கிளைக்கு அரை கிலோமீட்டர் முன்னால் ஒரு வேபாயிண்ட் கொடி வைத்து, அது திரைக்குள் வந்ததும் வேகத்தைக் குறைப்பதுதான் என் வழக்கம்.

"சாலையோடு ஒட்டிக்கொள்" என்கிற அமைப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் நீங்கள் பக்கத்து மண்பாதையில் போனாலும், வரைபடத்தில் இருக்கும் சாலையில் போவதாகவே காட்டும்.

#13 ஒருகியர்

நான் போன்காரன்தான், ஆனாலும் இதெல்லாம் படித்து ஆர்வம் வந்துவிட்டது. அலமாரியிலிருந்து அப்பாவின் பழைய கருவியை எடுத்துப் போட்டேன். மாடியில் வைத்துப் பத்து நிமிடமாகியும் இருப்பிடம் பிடிக்கவில்லை. பிடித்த பிறகு இடம் சரியாக இருக்கிறது, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

இன்னொன்று: நண்பர் ஒருவர் முகாம் இடத்தின் புள்ளியை எழுதி அனுப்பினார். அதைப் போட்டால் அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு சரிவில் காட்டுகிறது.

#14 கோட்டுப்படம்

தூக்கிப்போட்டுவிடாதீர்கள், கெடவில்லை. ஜிபிஎஸ் சிக்னலில் வாரத்தின் எண்ணுக்கு ஒதுக்கியிருப்பது 10 பிட்தான். 1,024 வாரம் ஆனதும் எண் சுழியத்துக்குத் திரும்பிவிடும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரலில். அதற்கு முன்னால் 1999 ஆகஸ்டில். பழைய மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளாமல் 1,024 வாரம், அதாவது இருபது வருடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்னால் காட்டும். இடத்தைக் கணக்கிட அது பெரும்பாலும் தடையில்லை. டிராக் கோப்புகளின் தேதி மட்டும் தப்பாக விழும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி தள்ளிப்போனதற்கு எழுதும் முறைதான் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே நிமிடம், விநாடி என்பது நேரமல்ல, டிகிரியின் பிரிவுகள்: டிகிரிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 விநாடி. 30.50 நிமிடம் என்பதை 30 நிமிடம் 50 விநாடி என்று போட்டிருப்பீர்கள். 30.50 நிமிடம் என்றால் 30 நிமிடம் 30 விநாடி. இடையில் 20 விநாடி வித்தியாசம். அட்சரேகையில் ஒரு விநாடி ஏறத்தாழ 31 மீட்டர் என்பதால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். நண்பர் எந்த முறையில் எழுதினாரோ அதையே கருவியின் அமைப்பில் தேர்ந்தெடுத்துவிட்டுப் போடுங்கள். டேட்டம் (புள்ளிகளை எந்த அளவைமுறையில் கணக்கிடுவது என்ற அமைப்பு) ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

#15 மழைவண்டி

பத்து நிமிடம் ஆனதற்கு நான் பதில் சொல்கிறேன். ரொம்ப நாள் தூங்கிய கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. வானத்திலிருந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதையை 30 விநாடிக்கு ஒருமுறை சொல்லும். எல்லாக் கோள்களின் மொத்த அட்டவணையும் முழுதாக வந்துசேர 12.5 நிமிடம். போன் இதையெல்லாம் இணையத்தில் வாங்கிக்கொள்வதால்தான் சட்டென்று பிடிக்கிறது.

ஆகவே கிளம்பும் முன் கருவியைப் போட்டுவிட்டு, வண்டியை நகர்த்தாமல், பிறகு ஹெல்மெட் மாட்டுங்கள், கையுறை போடுங்கள். அதற்குள் பிடித்துவிடும். ஓட்டிக்கொண்டே, அதுவும் மரங்களுக்கு அடியில், முதல் பிடிப்பை எதிர்பார்த்தால் அந்த 30 விநாடிச் செய்தி அறுந்து அறுந்து மறுபடி தொடங்கும்.

திசைகாட்டி பற்றியும் ஒரு வார்த்தை. சில கருவிகளில் காந்தத் திசைகாட்டி தனியாக உண்டு. டேங்க்பேக்கை (பெட்ரோல் டேங்கின் மேல் வைக்கும் பையை) காந்தத்தால் ஒட்டவைப்பவர்கள் கருவியை அதன் பக்கத்தில் வைத்தால், நின்றிருக்கும்போது வரைபடம் கண்டபடி சுழலும். நான் அதை அணைத்துவிட்டேன். வண்டி நகர்ந்தால் நகரும் திசையை வைத்தே ஜிபிஎஸ் கணக்கிட்டுக்கொள்ளும், அது போதும். ஆனால் கிளைப்பாதையில் நின்றுகொண்டு "எது இடது" என்று பார்க்காதீர்கள், நின்றால் அதற்குத் திசை தெரியாது. பத்து மீட்டர் உருட்டிவிட்டுப் பாருங்கள்.

#16 புதுச்சக்கரம்

ஒரு சின்னக் கேள்வி. இதைப் போட்டுக்கொண்டு போனால் வீட்டில் இருப்பவர்கள் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கலாமா? அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

#17 பட்டறைக்காரன்

முடியாது தம்பி. இன்றைக்கே அம்மாவிடம் மாற்றிச் சொல்லிவிடுங்கள். ஜிபிஎஸ் வாங்கிக்கொள்ள மட்டும் செய்யும், எதையும் அனுப்பாது. நீங்கள் எங்கே என்று செயற்கைக்கோளுக்கே தெரியாது. வீட்டுக்குத் தெரிய வேண்டுமானால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வகைக் கருவி வேண்டும். இரிடியம் போன்ற தனி வலையமைப்பில் சந்தா கட்டி இயங்குபவை அவை. அது இல்லாதவரை, எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் தேட வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

#18 நெடுவழி

> கொடி திரைக்குள் வந்ததும் வேகத்தைக் குறைப்பதுதான் என் வழக்கம்

கோட்டுப்படம், இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கொடி வருகிறதா என்று பார்க்கவே அடிக்கடி குனிய வேண்டுமே. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி குனிந்தால் 33 மீட்டர் பாதையைப் பார்க்காமல் கடந்துவிடுகிறோம். சரளைப் பாதையில் அந்த 33 மீட்டருக்குள் என்னவெல்லாம் கிடக்கும்! நான் அடுத்த திருப்பம் வரைக்குமான தூரத்தை நின்று பார்த்துவிட்டு, ஓடோமீட்டரில் ஓட்டுகிறேன். "அடுத்தது 4.2 கிலோமீட்டர், இடது" என்று டேங்க்பேக்கில் ஒரு சீட்டு.

#19 கோட்டுப்படம்

தார்ச்சாலையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கிளைகள் 300 மீட்டருக்கு ஒன்று வரும் காட்டில் சீட்டு போதவில்லை, நான் முயன்று பார்த்தவன். அங்கே வேகமே 20, 25தான். என் திரையில் டிராக்கையும் என் அம்புக்குறியையும் தவிர எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன்: இடப்பெயர்கள், உயரக்கோடுகள், தகவல் பெட்டிகள் எதுவும் இல்லை. அம்பு மஜந்தாவின் மேல் இருக்கிறதா என்பதற்கு அரை நொடி போதும். அதற்கு மேல் எதையாவது படிக்க வேண்டுமென்றால் கால் ஊன்றிவிட்டுத்தான் படிக்கிறேன். அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

#20 மண்சாலை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னதை ஒன்றொன்றாகச் செய்து பார்த்தேன், அதே பாதையில்.

முதல் சனிக்கிழமை சுத்தம் செய்து, டேப் சுற்றி, ஃபோம் ஒட்டிக்கொண்டு போனேன். வெளி மின்சாரம் இல்லை. இரண்டரை மணி நேரச் சரளையில் ஒரே ஒரு தடவை அணைந்தது, ஒரு பெரிய குழியில் முன்சக்கரம் இறங்கியபோது. முன்பு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அணைந்தது நினைவிருக்கும்.

பிறகு 5 வோல்ட் மாற்றியைச் சீட்டுக்கு அடியில் வைத்து, ஃபியூஸ், ரிலே, எல்லாம் பட்டறைக்காரன் அண்ணா சொன்னபடியே. மவுண்டைப் பிடிப்பானுக்கு அருகில் நகர்த்தினேன், கயிறும் கட்டினேன். நேற்று அதே பாதை முழுவதும், ஆறு மணி நேரம். ஒரு தடவைகூட அணையவில்லை. நடுவில் வேண்டுமென்றே யுஎஸ்பியைப் பிடுங்கிப் பார்த்தேன், பேட்டரிக்கு மாறி ஓடியது. மாலையில் பேட்டரியை எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் புதிது மாதிரி வெள்ளையாக இருக்கிறது, பிறை இல்லை.

ரூட்டை அழித்துவிட்டு டிராக்காக ஏற்றியிருந்தேன். அந்தக் கிளைப்பாதையை இந்தத் தடவை பார்த்தேன். இடதுபக்கம் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் திரும்புகிறது, பகலிலேயே நேராகப் போகிறவன் கண்ணில் படாது. மஜந்தாக் கோடு பாறைக்குள் நுழைவது மாதிரி வளைந்தது. வண்டியை நிறுத்தி, கால் ஊன்றி, இரண்டு தடவை பார்த்துவிட்டுத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து பழைய டிராக்கையும் நேற்றையதையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். பழையது துண்டு துண்டாக, அணைந்த இடங்களிலெல்லாம் மரங்களுக்கு மேல் நேர்கோடு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. நேற்றையது ஒரே நூலாக, ஒவ்வொரு வளைவும் விழுந்திருக்கிறது. நெடுவழி அண்ணா சொன்னது நினைவுக்கு வந்து, இரண்டையும் அப்போதே கணினியிலும் இன்னொரு மெமரி கார்டிலும் நகலெடுத்து வைத்துவிட்டேன். அந்தக் காட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் கேளுங்கள், ஜிபிஎக்ஸ் கோப்பு அனுப்புகிறேன். உள்ளே டிராக்தான், பாறைக்கு அரை கிலோமீட்டர் முன்னால் ஒரு கொடியும் வைத்திருக்கிறேன்.